தோட்டத்து வாயு எஞ்சினுக்கு எந்தச் சுடர் வேகக் கணக்கு?

மலேசியாவின் தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டப்புற ஊர்களில் செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பக்கத்திலேயே, கறுப்பு விரிப்பு போர்த்திய கழிவுநீர்க் குளத்தை இப்போது பார்க்க முடிகிறது. ஒரு டன் பழக்குலையை ஆட்டினால் ஏறக்குறைய 0.65 கன மீட்டர் கழிவுநீர் வரும். ஒரு கன மீட்டர் கழிவுநீர் சுமார் 28 கன மீட்டர் வாயு தரும் என்பது ஆலைக்காரர்களிடையே புழங்கும் கணக்கு. அந்த வாயுவில் 60 சதவீதம் போல மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. பால்மரம் சீவிய தாத்தா காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போன கழிவு, பேரன் காலத்தில் எஞ்சினை ஓட்டி மின்சாரம் தருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் எஞ்சின் அறையில் வேலை செய்பவர்களுக்கு அந்த மகிழ்ச்சி எல்லா நாளும் கிடைப்பதில்லை.

எங்கள் ஊர் ஆலையில் மின்பிரிவைக் கவனிக்கும் சார்ஜ்மேன் கேட்கும் கேள்வி எளிமையானது: "சார், வாயு இளைத்துப்போன நாளில் டைமிங்கை எத்தனை பாகை முன்னால் தள்ளலாம்?" டைமிங் என்பது தீப்பொறி விழும் நேரம், அதை எஞ்சின் தண்டு சுழலும் பாகையில் அளக்கிறார்கள். பழ வரத்து குறையும்போதும், அடைமழையில் குளம் குளிரும்போதும், வாயுவின் கலப்பை அளக்கும் பகுப்பானில் மீத்தேன் 62 சதவீதத்திலிருந்து 54 வரை இறங்குகிறது. எஞ்சின் சுமையை இழுக்கத் திணறுகிறது. சில சுழற்சிகளில் எரியாமலே விட்டுவிடுகிறது. சிலிண்டருக்குள் சுடர் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, அந்த வேகம் எதற்கெல்லாம் மாறுகிறது என்று கணக்கிடத் தெரிந்தால்தான் அவருக்குப் பதில் சொல்ல முடியும். அதற்கு வழிகள் பல இருக்கின்றன. எதை எடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இரண்டு வேகங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எரிபொருளும் காற்றும் முன்கூட்டியே கலந்துவிட்ட கலவையில், ஓட்டம் சலனமின்றி இருந்தால், சுடர் தனக்கே உரிய ஒரு வேகத்தில் நகரும். இது கலவையின் குணம். மீத்தேனும் காற்றும் சரியான விகிதத்தில், சாதாரண அறை நிலையில் இருந்தால், வினாடிக்கு 36 முதல் 38 சென்டிமீட்டர் வரை. இதைச் சீரோட்டச் சுடர் வேகம் என்று சொல்கிறேன். எஞ்சினுக்குள் சலனமில்லாத ஓட்டம் எங்கே இருக்கிறது? சுழிகள் சுடரின் முகப்பைக் கசங்கிய துணியாக்கிவிடுகின்றன. பரப்பு பெருகுவதால், ஒவ்வொரு துண்டும் பழைய மெதுவான வேகத்திலேயே எரிந்தாலும், மொத்தத்தில் கலவை பலமடங்கு வேகமாகத் தீர்கிறது. இது கொந்தளிப்புச் சுடர் வேகம். இதைக் கலவையின் குணம் என்று சொல்லிவிட முடியாது. ஓட்டத்தின் வலிமை, சுழியின் அளவு, அழுத்தம் எல்லாம் இதில் கைவைக்கும். அளக்கும் விதம்கூடக் கைவைக்கும்: புன்சன் வகை அடுப்பில் அளந்த எண்ணும், கோளமாக விரியும் சுடரில் அளந்த எண்ணும் ஒரே பெயரில் அச்சாகின்றன, ஆனால் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. எரிதல் ஆய்வாளர் டிரிஸ்கால் 2008-இல் எழுதிய விரிவான ஆய்வுரை இதைத்தான் வலியுறுத்துகிறது. சூத்திரங்களுக்குள் நடக்கும் சண்டையில் பாதி இங்கேயே முளைக்கிறது.

இரு ஓரங்களில் உள்ள வழிகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ஒன்று வீபெ வளைகோடு. எந்தப் பாகையில் எத்தனை சதவீதம் எரிந்தது என்பதை ஒரே அடுக்குக்குறிச் சமன்பாட்டில் வரைந்துவிடலாம். அரை மணி நேர வேலை. ஓடுகிற எஞ்சினை விவரிக்க அது போதும். ஆனால் எரிய எத்தனை பாகை பிடிக்கும் என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். நாம் தேடுவதே அந்த எண்ணைத்தான். வாயு மாறினால் என்ன ஆகும் என்று கேட்டால் வீபெ வாய் திறக்காது. மற்றொரு ஓரத்தில், பெரிய சுழிகளை நேரடியாகத் தீர்த்து, சுடரைச் செயற்கையாகத் தடிக்கவைத்துக் கணக்கிடும் முப்பரிமாண முறை. அழகான முறை, ஒரு சுழற்சிக்கும் அடுத்த சுழற்சிக்கும் உள்ள வேறுபாட்டைக்கூடக் காட்டும். அதற்குக் கணினிக் கொத்து வேண்டும், எஞ்சினின் உள் வடிவப் படம் வேண்டும். எஞ்சின் தயாரிப்பாளர் படத்தைத் தரப்போவதில்லை. தோட்டத்து ஆலைக்கு இது பொருந்தாது.

நடுவில் இருப்பவைதான் உண்மையான போட்டியாளர்கள். சிலிண்டரைச் சில மண்டலங்களாக மட்டும் பிரித்து, சுடர் முகப்பு எந்த வேகத்தில் முன்னேறுகிறது என்பதை ஒரு இயற்கணிதச் சூத்திரத்தால் சொல்லும் முறை. மடிக்கணினியில் ஓடும். இதற்குள் எந்தச் சூத்திரத்தைப் பொருத்துவது?

தொடக்கம் டாம்கோலர் என்ற ஆய்வாளர், 1940. சுழிகள் சுடரின் தடிமனைவிடப் பெரியவை என்றால் அவை முகப்பை மடிக்கத்தான் செய்யும். எனவே கொந்தளிப்புச் சுடர் வேகம் என்பது சீரோட்ட வேகத்தோடு ஓட்டத்தின் வேக அலைவை (சராசரியிலிருந்து வேகம் ஏறி இறங்கும் அளவை) கூட்டியது, ஏறக்குறைய. சுழிகள் சுடரைவிடச் சிறியவை என்றால் அவை உள்ளே புகுந்து வெப்பத்தையும் பொருளையும் கடத்தும் திறனைக் கூட்டும். அப்போது வேகம் கடத்து திறன்களின் விகிதத்துக்கு வர்க்கமூலமாக உயரும். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு கருத்துகளையும் வெவ்வேறு விதமாகப் பிணைத்தவர்கள்தான்.

ஜிமோந்த் 1979-இல் தொடங்கி வளர்த்த சூத்திரத்தில், வேகம் அலைவின் 0.75 அடுக்கு, சீரோட்ட வேகத்தின் 0.5 அடுக்கு, சுழி அளவின் 0.25 அடுக்கு ஆகியவற்றின் பெருக்கம். வெப்பப் பரவல் கெழு 0.25 அடுக்கில் வகுக்கிறது. முன்னால் நிற்கும் மாறிலி ஹைட்ரோகார்பன்களுக்கு 0.52. கூல்டர் 1990-இல் தந்ததில் மாறிலி 0.62, அடுக்குகள் ஏறக்குறைய ஜிமோந்துடையவையே, கூடவே சீரோட்ட வேகம் தனியாகக் கூட்டப்படுகிறது. ஓப்பன்ஃபோம் மென்பொருளில் முன்கலப்பு எரிதலுக்கான தீர்வியைத் திறந்து பார்த்தால் அந்த 0.62 அப்படியே கிடக்கும். பிராட்லியின் குழு 1992-இல் லீட்ஸில் கோள வெடிகலங்களின் ஏராளமான அளவீடுகளை ஒன்றாக்கித் தந்த சூத்திரத்தில், சுடர் எவ்வளவு இழுபடுகிறது என்பதும் லூயிஸ் எண்ணும் (கலவையில் வெப்பம் பரவும் வேகத்துக்கும் எரிபொருள் பரவும் வேகத்துக்கும் உள்ள விகிதம்) பெருகி, கழித்தல் 0.3 அடுக்கில் வருகின்றன. பீட்டர்ஸ் 1999-இல் டாம்கோலரின் இரண்டு எல்லைகளையும் ஒரே இருபடிச் சமன்பாட்டில் இணைத்தார்.

சொல்லிக்கொண்டே போவதைவிட எண் போட்டுப் பார்ப்பது நல்லது. இந்த வகை எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும். மலேசிய மின்கட்டம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த எண்ணைத் தொட முடியாது. வீச்சு, அதாவது பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் தூரம், 160 மில்லிமீட்டர் என்று வைத்தால் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 8 மீட்டர். மேல்முனைக்கு அருகில் வேக அலைவு அதில் பாதி, அதாவது 4 மீட்டர், என்பது எஞ்சின் துறையில் பழகிப்போன மதிப்பீடு. சுழியின் அளவு 3 மில்லிமீட்டர், அழுத்தம் 40 பார், எரியாத வாயுவின் வெப்பநிலை 750 கெல்வின் என்று எடுத்துக்கொள்கிறேன். சீரோட்ட வேகம் வினாடிக்கு 0.2 மீட்டர் என்பது கணக்குக்காக நான் வைத்த எண்.

அந்த நிலையில் டாம்கோலரின் எளிய கூட்டல் 4.2 மீட்டர் தருகிறது. ஜிமோந்த் 3.8. பிராட்லி, லூயிஸ் எண் 1 என்று வைத்தால், 3.75. கூல்டர் 5.1. பீட்டர்ஸ் 6.2. ஒரே எஞ்சின், ஒரே வாயு. உச்சத்துக்கும் அடிக்கும் இடையே ஒன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசம். இதைப் பார்த்ததும், எது சரி என்று ஆய்வுக் கட்டுரைகளை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்பவர்கள் உண்டு. நமக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு அழுத்த உணரி பொருத்தியிருக்கிறார்கள். அதன் வரைகோட்டைக் கொண்டு முன்னால் நிற்கும் மாறிலியை ஒருமுறை சரிசெய்துவிட்டால், 3.8-ஆ 6.2-ஆ என்ற வழக்கு தீர்ந்தது. மாறிலியைத் திருத்தலாம், சூத்திரம் எதற்கு எவ்வளவு அசைகிறது என்பதைத் திருத்த முடியாது. ஒப்பிட வேண்டியது அந்த அசைவைத்தான்.

வாயு இளைக்கும் நாளை எடுத்துக்கொள்வோம். ஒரு பங்கு மீத்தேன் முழுதாக எரிய 9.52 பங்கு காற்று வேண்டும். 62 சதவீத மீத்தேன் உள்ள வாயுவுக்கு, தேவையைப்போல் ஒன்றரை மடங்கு காற்று, அதாவது லாம்டா 1.5, வரும்படி, வாயுவையும் காற்றையும் சேர்க்கும் கலப்பானைப் பூட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீத்தேன் 54-க்கு இறங்கும்போது கலப்பான் அதே விகிதத்தில் நின்றால், லாம்டா தானாக 1.72-க்குப் போய்விடும். கரியமில வாயு கூடியது ஒரு அடி, கலவை மெலிந்தது இன்னொரு அடி. மெலிந்த ஓரத்தில் சீரோட்ட வேகம் சரிவாக இறங்கும், பாதியாகவே விழலாம். எனவே 0.2-ஐ 0.1 ஆக்கி மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

டாம்கோலர் 4.2-லிருந்து 4.1. அவ்வளவுதான்! எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, கணக்கு "எல்லாம் நலம்" என்கிறது. ஜிமோந்த் 2.7, கூல்டர் 3.55, பிராட்லி 2.5, பீட்டர்ஸ் 4.3. இந்த நான்கும் 29 முதல் 34 சதவீதம் வரை குறைகின்றன. தொடக்கத்தில் ஆளுக்கொரு எண் சொன்னவர்கள், மாற்றம் எவ்வளவு என்று கேட்டால் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்கிறார்கள். ஆகவே முதல் முடிவு எளிது: டாம்கோலரின் கூட்டல் வெளியே. பாடப்புத்தகத்தில் அது கருத்தை விளக்கும். இந்த வேலைக்கு ஆகாது.

மிச்சமுள்ள நான்கில் வேறுபாடு எங்கே தெரிகிறது என்றால், ஓட்டத்தின் வலிமையில். வேக அலைவை இரட்டிப்பாக்கினால் ஜிமோந்த், கூல்டர், பீட்டர்ஸ் மூவரும் 1.7 மடங்கு என்கிறார்கள், பிராட்லி 1.46 மடங்குதான் என்கிறார். கொந்தளிப்பு கூடக்கூட வேக உயர்வு மந்தப்படுவதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சுடர் மிகையாக இழுபட்டு அங்கங்கே அணைவது ஒரு காரணம். அதை மற்றவர்களைவிட அழுத்தமாகச் சொல்வது பிராட்லியின் சூத்திரம். ஆனால் நம் எஞ்சினின் சுற்று வேகம் மாறப்போவதில்லை. கார் எஞ்சினாக இருந்தால் இது பெரிய விஷயம். 1500-ஐவிட்டு நகராத மின்னாக்கிக்கு அலைவு கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும்.

அழுத்தம் இன்னொரு உரைகல். சுமை ஏறினால் சிலிண்டர் அழுத்தம் ஏறும். மீத்தேனின் சீரோட்ட வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் குறையும். பரவல் கெழுவும் குறையும். இரண்டையும் ஜிமோந்தின் சூத்திரத்தில் போட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, கொந்தளிப்பு வேகம் அழுத்தத்தைச் சாராமல் நிற்கிறது. ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் கோபயாஷியின் குழு 1990-களில் மீத்தேன் சுடரை 30 வளிமண்டல அழுத்தம் வரை கொண்டுபோய் அளந்தது. சீரோட்ட வேகம் விழுந்துகொண்டே போனாலும், அதற்கும் கொந்தளிப்பு வேகத்துக்கும் உள்ள விகிதம் ஏறிக்கொண்டே போனது. இந்தப் போக்கோடு ஜிமோந்தும் கூல்டரும் ஒத்துப்போகிறார்கள். பிராட்லியில் அழுத்தத்தோடு மெல்லிய சரிவு ஒன்று வருகிறது, பெரிதாக ஒன்றுமில்லை.

ஆக, ஜிமோந்துக்கும் கூல்டருக்கும் இடையே தேர்வு செய்வது, ஒரே அரிசியில் வடித்த இரண்டு சோற்றுக்குள் தேர்வு செய்வதுதான். நான் ஜிமோந்தை எடுக்கிறேன். திருத்த வேண்டிய மாறிலி ஒன்றே ஒன்று, அது பெருக்கலாக முன்னால் நிற்கிறது, எந்த அழுத்த வரைகோட்டுக்கும் ஒரு நிமிடத்தில் பொருத்திவிடலாம். பீட்டர்ஸின் சமன்பாட்டில் மூன்று மாறிலிகள். கோட்பாட்டு அடிப்படை வலுவானது, ஆனால் ஒரே ஒரு அழுத்த உணரியை வைத்துக்கொண்டு மூன்றையும் பிரித்தறிய வழியில்லை. பிறகு, நம் எஞ்சினில் சுடர் எந்த வகையில் எரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுடர் எரிய எடுக்கும் நேரத்தை மிகச் சிறிய சுழி சுழலும் நேரத்தோடு ஒப்பிடுவது கார்லோவிட்ஸ் எண். மேலே வைத்த எண்களுக்கு அது 6 வருகிறது. அதாவது சிறு சுழிகள் சுடரின் முன்வெப்ப அடுக்குக்குள் நுழைகின்றன, வினை நடக்கும் மெல்லிய உள் அடுக்கை உடைக்கவில்லை. ஜிமோந்த் தன் சூத்திரத்தை எழுதியது இப்படித் தடித்த, ஆனால் மடிந்த சுடருக்காகத்தான்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சூத்திரத்தைத் தேடி அலையும் நேரத்தில் பாதியையாவது அதற்குள் ஊற்றும் சீரோட்ட வேகத்துக்குக் கொடுக்க வேண்டும். நான்கு சூத்திரங்களும் அதை நம்பித்தான் நிற்கின்றன. பலர் சுத்த மீத்தேனுக்கான பழைய அனுபவச் சூத்திரத்தை எடுத்து, கரியமில வாயுவுக்கு ஒரு குறைப்புக் காரணியைப் பெருக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கரியமில வாயு வெப்பத்தை உறிஞ்சிச் சுடரைக் குளிர்விப்பதோடு நிற்பதில்லை, வினையிலும் கலந்துகொள்கிறது. இன்னொன்று நம் ஊரின் காற்று. 30 பாகை செல்சியஸ், 80 சதவீத ஈரப்பதம் என்றால் எஞ்சின் இழுக்கும் காற்றில் 3.4 சதவீதம் நீராவி. ஐரோப்பிய ஆய்வகத்தின் உலர்ந்த காற்றில் பிறந்த எண்ணை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. குளத்திலிருந்து வரும் வாயுவும் நனைந்தே வருகிறது. (ஹைட்ரஜன் சல்ஃபைடு பற்றிக் கேட்பார்கள்: அது எஞ்சின் எண்ணெயையும் தாங்கிகளையும் கெடுக்கும், ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் சுடர் வேகத்தை அசைக்காது.)

இதற்கு வழி இருக்கிறது, காசும் ஆகாது. கான்டெரா என்ற இலவச மென்பொருளில், இயற்கை வாயுவுக்கென்றே அமைந்த ஜிஆர்ஐ-மெக் 3.0 வினைத் தொகுப்பைப் போட்டால், அதன் 53 சேர்மங்களையும் 325 வினைகளையும் கொண்டு எந்தக் கலவைக்கும் சீரோட்ட வேகம் கிடைக்கும். மீத்தேன் சதவீதம், லாம்டா, வெப்பநிலை, அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கு ஒரு அட்டவணை தயாரித்து வைத்துவிட்டால் எஞ்சின் கணக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: அந்தத் தொகுப்பு சரிபார்க்கப்பட்டது சுமார் 10 வளிமண்டல அழுத்தம் வரைதான். 40 பாரில் நாம் வேலிக்கு வெளியே நிற்கிறோம். எல்லா நிலைக்கும் ஒரே அளவில் பிசகினால் மாறிலி அதை விழுங்கிக்கொள்ளும். மெலிந்த கலவையில் மட்டும் கூடுதலாகப் பிசகினால் விழுங்காது. ஆகவே மாறிலியை நல்ல வாயு கிடைத்த நாளில் மட்டும் பொருத்திவிட்டு உட்காரக் கூடாது. இளைத்த நாளின் அழுத்த வரைகோட்டையும் எடுத்து, அதே மாறிலி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் தொடக்கத்தில் இருக்கிறது. தீப்பொறி விழுந்ததும் சுடர் கடுகளவு. பெரிய சுழிகள் அதை மடிப்பதில்லை, தூக்கிக்கொண்டு போகின்றன. அப்போது அது கிட்டத்தட்டச் சீரோட்ட வேகத்திலேயே வளர்கிறது. 1500 சுற்றில் ஒரு மில்லி வினாடி என்பது 9 பாகை. இந்தக் குழந்தைப் பருவம் ஒன்றிரண்டு மில்லி வினாடி நீண்டாலே டைமிங் முழுதும் தள்ளிப்போகும். முழு வளர்ச்சியடைந்த சுடருக்கான எந்தச் சூத்திரமும் இதைத் தானாகச் சொல்லாது. எனவே சுடர் சிறியதாக இருக்கும் வரை கொந்தளிப்பின் பங்கைப் படிப்படியாக ஏற்றும் ஒரு வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தே ஆக வேண்டும். சார்ஜ்மேன் கேட்ட பாகைக் கணக்கில் பெரும்பகுதி இங்கேதான் வரும் என்பது என் எண்ணம்: வாயு இளைத்தால் கொந்தளிப்பு வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, முதல் கட்டத்தின் வேகமோ சீரோட்ட வேகத்தோடு சேர்ந்து பாதியாகிறது.

முப்பரிமாணக் கணக்குக்குப் போகலாமா என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சுடரின் பரப்பு அடர்த்திக்குத் தனிச் சமன்பாடு தீர்க்கும் முறைகளும், முகப்பைச் சமமட்டக் கோடாகப் பின்தொடரும் முறையும் எரியறையின் வடிவத்தை மாற்ற நினைப்பவர்களுக்குப் பயன்படும். பிஸ்டன் தலையை மாற்றலாமா, தீப்பொறிச் செருகியை நகர்த்தலாமா என்பது கேள்வியானால் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே இரும்பு மாறப்போவதில்லை. வாயு மட்டும்தான் மாறுகிறது.

ஒரு நிலையில் மட்டும் என் தேர்வை மாற்றிக்கொள்வேன். வாயுவில் ஹைட்ரஜனைக் கலக்கும் யோசனை வந்தால் ஜிமோந்த் போதாது. மெலிந்த மீத்தேனுக்கு லூயிஸ் எண் 1-க்குப் பக்கத்தில் இருப்பதால் அதை மறந்துவிட்டுக் கணக்குப் போட முடிகிறது. மெலிந்த ஹைட்ரஜனுக்கு அது 0.4-க்குப் பக்கம். சுடர் முகப்பு வெளியே புடைக்கும் இடங்களில் இன்னும் தீவிரமாக எரிந்து, தானே மேலும் மடிந்துகொள்ளும். அப்போது லூயிஸ் எண்ணைச் சூத்திரத்துக்குள்ளேயே வைத்திருக்கும் பிராட்லியிடம்தான் போக வேண்டும்.

இப்போதைக்கு ஆலை செலவழிக்க வேண்டியது மென்பொருளுக்கு அல்ல. பகுப்பானின் மீத்தேன் அளவு இன்று சுவரில் மாட்டிய திரையில் மட்டும் தெரிகிறது. ஷிப்ட் மாறும்போது ஒருவர் பார்த்துப் புத்தகத்தில் எழுதுகிறார். அந்தச் சமிக்ஞையை எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இழுத்துவிட்டால், லாம்டா 1.72-க்கு நழுவுவதையே முதலில் தடுத்துவிடலாம். அதன் பிறகு மிஞ்சும் வேக இழப்புக்குத்தான் டைமிங் அட்டவணை. கம்பி இழுக்கும் வேலையை அடுத்த பராமரிப்பு நிறுத்தத்திலேயே முடித்துவிடலாம் என்று சார்ஜ்மேன் சொல்லியிருக்கிறார்.